கலாசாலையில் தீனிய்யாத் போதனை

கலாசாலை மாணாக்கர்களுக்கு மத போதனை அவசியமா என்ற கேள்வி நம் தேசத்தில் நூறு வருஷங்களுக்கு மேலாக விவாதிக்கப்பட்டு வருகிறது. அவசியம் என்பாரும் அநாவசியம் என்பாரும் தத்தம் கட்சிக்கு வேண்டிய நியாயங்களை எடுத்துச் சொல்லிக் களைத்துவிட்டார்கள். அந்தக் கேள்விக்குள்ளே மற்றொரு கேள்வி ஒளிந்து கிடக்கிறது. ஒரே மதத்தைச் சேர்ந்தவர்களானாலும் வெவ்வேறு வழிமுறைகளில் வளர்ந்த பிள்ளைகள் ஒரே வகுப்பில் வந்து உட்காரும்பொழுது, அவர்களுடைய மதத்தை அவர்களுக்கு எந்த முறைப்படி போதிப்பது? கேட்பதற்குச் சிறிய விஷயமாகத் தோன்றும். மதுரையைப் போன்ற ஒரு நகரத்தில் இது சிறிய விஷயமன்று.

பாண்டி நாட்டுக்கெல்லாம் மதுரை ஒரு கல்விச் சந்தை. மேற்கே கம்பம், உத்தமபாளையம் பக்கத்திலிருந்து ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகள் இங்கே படிக்க வருகிறார்கள். கிழக்கே கீழக்கரை முதலிய கடற்கரைப் பட்டினங்களிலிருந்து மரக்காயர் வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். திண்டுக்கல்லிலிருந்தும் இளையான்குடியிலிருந்தும் வருவார் உண்டு. நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களும் உண்டு. ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனபி மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். மரக்காயர்கள் ஷாபி மத்ஹபினர். வீட்டில் உருது பேசும் தக்கணி முஸ்லிம்கள் ஹனபிகளே ஆனாலும், அவர்கள் கையாளும் கிதாபுகளும் பாஷையும் வேறு. இவ்வளவோடு நின்றால் பரவாயில்லை. 1980-ம் வருஷங்களுக்குப் பின் தமிழ்நாட்டில் வேகமாகப் பரவிய தௌஹீத் இயக்கத்தைச் சேர்ந்த வீட்டுப் பிள்ளைகள், மத்ஹபு என்ற பேச்சே வேண்டாம், குர்ஆனும் ஹதீஸும் போதும் என்பார்கள். கோரிப்பாளையம் தர்காவில் பாத்திஹா ஓதிவிட்டுப் பரீட்சைக்குப் போகும் பையனும், தர்காவுக்குப் போவதே பிழை என்று கருதும் பையனும் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த இருவருக்கும் நடுவே நின்று "தொழுகை" என்ற பாடத்தை ஆரம்பிக்கவேண்டிய உபாத்தியாயரின் சங்கடத்தை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மதுரைக்கு இது புதிய சங்கதியும் அல்ல. காஜிமார் தெருப் பெரிய பள்ளிவாசல் 13-ம் நூற்றாண்டில் ஏமன் தேசத்திலிருந்து வந்த காஜி சையத் தாஜுத்தீன் என்பவருக்குப் பாண்டிய மன்னர் அளித்த நிலத்தில் கட்டப்பட்டது என்பது பரம்பரைச் செய்தி. 14-ம் நூற்றாண்டில் சுமார் 40 வருஷம் மதுரையில் சுல்தான்கள் ஆட்சி நடந்தது. அப்பொழுது இங்கே வந்து, நகரத்தில் கொள்ளைநோய் பரவியிருந்ததை நேரில் கண்டு எழுதிவைத்த யாத்திரிகர் இபுனு பதூதா, மொராக்கோ தேசத்தவர். மாலிகி மத்ஹபைச் சேர்ந்தவர். ஹனபிகள் நிறைந்த தில்லியில் முகம்மது பின் துக்ளக் அவரைக் காஜியாக நியமித்தான். அதே யாத்திரிகர் மலையாளக் கரையில் ஏழிமலைப் பக்கத்துப் பள்ளிவாசலில் கல்வி கற்ற மாணாக்கர்கள், பள்ளிவாசல் வருமானத்திலிருந்து உபகாரச் சம்பளம் பெற்றதையும் குறிப்பிட்டிருக்கிறார். மத்ஹபு வேறுபட்டவர் நீதிபதியாக உட்கார்ந்ததையும், படிக்கும் பிள்ளைக்குப் பள்ளிவாசல் சோறு போட்டதையும் அந்தக் காலம் இயல்பாக ஏற்றுக்கொண்டது. அதைவிடக் குறைந்த தாராள புத்தி நமக்குப் போதுமா என்பதை யோசிக்கவேண்டும்.

வித்தியாசங்கள் எவை?

விஷயம் தெரியாதவர்கள் பெரிதாக எண்ணிக்கொள்ளாமல் இருப்பதற்காகவும், சிறிதென்று தள்ளிவிடாமல் இருப்பதற்காகவும், ஹனபி ஷாபி வித்தியாசங்களில் சிலவற்றை இங்கே சொல்லுகிறோம். கூட்டுத் தொழுகையில் "ஆமீன்" என்பதை ஷாபிகள் உரக்கச் சொல்லுவார்கள். ஹனபிகள் மெதுவாகச் சொல்லுவார்கள். விடியற்காலைத் தொழுகையில் ஷாபிகள் "குனூத்" என்னும் பிரார்த்தனையை ஓதுவார்கள்; ஹனபிகள் அதை இரவில் வித்ருத் தொழுகையில் ஓதுவார்கள். உடம்பிலிருந்து இரத்தம் வழிந்தால் ஹனபிக்கு உளூ முறிந்துவிடும், ஷாபிக்கு முறியாது. அன்னிய ஸ்திரீயின் மேனி பட்டால் ஷாபிக்கு முறியும், ஹனபிக்கு முறியாது. ஒரு பொருளின் நிழல் அதன் நீளத்துக்குச் சமமாகிவிட்டால் ஷாபிக்கு அஸர் நேரம் வந்துவிடும். அபூ ஹனீபாவின் கருத்துப்படி நிழல் இரண்டு மடங்காகவேண்டும்.

சாப்பாட்டிலும் உண்டு. கடலில் வாழும் பிராணிகளில் ஏறக்குறைய எல்லாம் ஷாபிகளுக்கு ஆகும். ஹனபிகளுக்கு மீன் மட்டுமே ஆகும், நண்டு ஆகாது. இறாலை மீனென்று கொள்ளலாமா கூடாதா என்று ஹனபி உலமாக்களே தங்களுக்குள் வாதாடியிருக்கிறார்கள். கீழக்கரைப் பையன் ஊரிலிருந்து கொண்டுவந்த நண்டுக் கறியை விடுதியில் திறந்தால், கம்பத்துப் பையன் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு முருங்கைக்கீரைப் பழக்கம் மட்டும் காரணமல்ல என்பதை அறியவேண்டும்.

விவாக விஷயத்திலோ வித்தியாசம் கனமானது. வயது வந்த பெண் தன் நிக்காஹைத் தானே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்பது ஹனபி சட்டம். வலீ என்னும் காப்பாளர் இல்லாமல் அது செல்லாது என்பது ஷாபி சட்டம். 1937-ம் வருஷத்து ஷரியத் சட்டப்படி முஸ்லிம் குடும்ப வழக்குகளில் அவரவர் மத்ஹபையே கோர்ட்டுகள் கவனிக்கின்றன. ஆகையால் கலாசாலையில் படிக்கும் ஒரு பெண் தான் எந்த மத்ஹபைச் சேர்ந்தவள், அதனால் தனக்குள்ள உரிமை என்ன என்பதை அறியாமல் வெளியே போனால், அந்த அறியாமைக்கு விலை அவளே கொடுக்கவேண்டியிருக்கும்.

இவற்றின்மேல் அண்மைக் காலத்து வித்தியாசங்கள் வேறு வந்து சேர்ந்திருக்கின்றன. ரமலான் இரவுத் தொழுகை இருபது ரக்அத்தா எட்டு ரக்அத்தா என்ற தகராறில் ஊர்கள் இரண்டுபட்டிருக்கின்றன. பிறை கண்ட சாட்சியை எவ்வளவு தூரத்திலிருந்து ஒப்புக்கொள்வது என்ற விவாதத்தால், சில வருஷங்களில் ஒரே தெருவில் ஒரு வீட்டில் நோன்பும் அடுத்த வீட்டில் பெருநாளும் நடக்கின்றன. ஜமாஅத் பிரிந்தால் பள்ளிவாசல் பிரிகிறது. பள்ளிவாசல் பிரிந்தால் கலியாணத் தப்தரும் கபர்ஸ்தானும் தகராறாகின்றன. பட்டம் பெற்று ஊருக்குத் திரும்பும் வாலிபன் இந்தச் சண்டையில் எண்ணெய் ஊற்றப்போகிறானா, தண்ணீர் ஊற்றப்போகிறானா என்பதே நம் கவலை. அந்த வாலிபனுக்குக் கலாசாலையில் வாரத்தில் ஒரு மணி நேரமாவது கிடைக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தை என்ன செய்கிறோம்?

மூன்று வழிகள்

தமிழ்நாட்டில் முஸ்லிம் தர்மவான்கள் கலாசாலைகளை ஏற்படுத்துவதில் பின்வாங்கவில்லை. 1919-ல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கலாசாலை ஏற்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு 1951-ல் திருச்சிராப்பள்ளியில் ஜமால் முகம்மது கலாசாலையும், சென்னையில் நியூ காலேஜும் தோன்றின. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் பெயரால் 1956-லும், இளையான்குடியில் டாக்டர் ஜாகிர் ஹுசேன் பெயரால் 1970-லும், பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லா அப்பா பெயரால் 1971-லும் கலாசாலைகள் நிறுவப்பட்டன. மதுரையில் வக்பு வாரியமே முன்வந்து 1964-ல் ஒரு கலாசாலையைத் தொடங்கியது. இத்தகைய ஸ்தாபனங்களில் முஸ்லிம் மாணாக்கருக்கு "தீனிய்யாத்" என்ற மார்க்கக் கல்வியும், மற்றவர்களுக்கு நீதி போதனையும் என்று நேரம் ஒதுக்குவது நெடுநாளைய வழக்கம். ஹைதராபாத்தில் 1918-ல் ஏற்பட்ட உஸ்மானியா சர்வகலாசாலையிலும் இதே ஏற்பாடு இருந்தது.

நேரம் ஒதுக்கிவிடுவது சுலபம். எதைப் போதிப்பது என்பதில் மூன்று வழிகள் நமக்குத் தெரிகின்றன. ஊரில் எந்த மத்ஹபு பெரும்பான்மையோ அதன் தொழுகைப் புஸ்தகத்தை எல்லாருக்கும் கொடுத்துவிடுவது ஒரு வழி. இது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சரி. பதினெட்டு வயதான, தாய் தகப்பனிடம் வேறு விதமாகத் தொழப் பழகிய ஒருவனுக்கு இது, "உன் தகப்பன் தொழுதது தப்பு" என்று மறைமுகமாகச் சொல்லுவதாகும். அவன் புஸ்தகத்தை மூடிவைப்பான். அல்லது சண்டைக்கு வருவான்.

இரண்டாவது வழி, தகராறுள்ள விஷயங்களையெல்லாம் நீக்கிவிட்டு எல்லாருக்கும் பொதுவானதை மட்டும் சொல்லுவது. இறைவன் ஒருவன், நபிகள் நாயகம் உத்தமர், பொய் சொல்லக்கூடாது, பெற்றோரை வணங்கி நடக்கவேண்டும். இவற்றையெல்லாம் பையன் மக்தபிலேயே படித்துவிட்டான். கலாசாலையில் பௌதிகமும் பொருளாதாரமும் படித்துக்கொண்டு, "ஏன்" என்று கேட்கப் பழகிய புத்திக்கு இந்தக் கஞ்சி போதாது. சமாதானத்தின் பெயரால் வகுப்பைச் சாரமற்றதாக்கிவிட்டு, பிறகு பிள்ளைகள் வகுப்பில் தூங்குகிறார்கள் என்று குறைகூறிப் பயனில்லை.

மூன்றாவது வழி அலிகார் கண்ட வழி. 1875-ல் ஸர் சையத் அகமது கான் அங்கே வித்தியாசாலையைத் தொடங்கியபொழுது, அவருடைய சொந்த மதக் கருத்துக்களை உலமாக்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அவர் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தார். மத போதனையில் தாம் தலையிடுவதில்லை என்று ஒதுங்கிக்கொண்டு, அதைச் சம்பிரதாய வழியில் தேர்ந்த பண்டிதர்களிடம் விட்டுவிட்டார். சுன்னி மாணாக்கருக்குத் தனியாகவும் ஷியா மாணாக்கருக்குத் தனியாகவும் போதனை ஏற்பட்டது. இன்றும் அலிகார் முஸ்லிம் சர்வகலாசாலையின் மதத் துறையில் சுன்னிப் பிரிவு, ஷியாப் பிரிவு என இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. இந்த ஏற்பாட்டினால் சண்டை தவிர்க்கப்பட்டது. பெற்றோர் நம்பிக்கையோடு பிள்ளைகளை அனுப்பினார்கள். ஆனால் பக்கத்து அறையில் படிக்கும் தோழன் என்ன நம்புகிறான் என்பதை இவன் அறிந்துகொள்ள அந்த ஏற்பாடு உதவவில்லை. சுன்னி ஷியா பேதம் அடிப்படையானது. அங்கே இரண்டு அறை வேண்டியிருந்திருக்கலாம். ஹனபி, ஷாபி, தௌஹீத் என்று மதுரையில் மூன்று அறை கட்ட ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும்?

வேலூரும் உமராபாத்தும்

வடக்கே அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. நம்முடைய வட ஆற்காட்டுப் பக்கத்திலேயே யோசிக்கத்தக்க இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. வேலூரில் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் 19-ம் நூற்றாண்டில் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் என்ற மதரஸா ஹனபி ஸ்தாபனம். இருந்தும் ஷாபிகளான மலையாள தேசத்து மாணாக்கர்கள் பெருந்தொகையாக அங்கே சென்று படித்து, "பாக்கவி" என்ற பட்டத்துடன் ஊர் திரும்புகிறார்கள். ஆம்பூருக்கு அருகே உமராபாத்தில் தோல் வியாபாரி காக்கா முகம்மது உமர் சாகிப் 1924-ல் நிறுவிய ஜாமிஆ தாருஸ்ஸலாம், ஹனபிகளையும் ஹதீஸ் வழியினரையும் ஒரே கூரையின்கீழ் வைத்துப் போதிப்பதில் பேர்பெற்றது. கடல் கடந்து பார்த்தால், ஷாபிகள் நிறைந்த இலங்கையில் நளீம் ஹாஜியார் 1973-ல் பேருவளையில் ஏற்படுத்திய ஜாமிஆ நளீமிய்யா, மார்க்கக் கல்வியையும் சர்வகலாசாலைப் பட்டப் படிப்பையும் இணைத்துக் கொடுத்து வருகிறது.

மதரஸாவில் எட்டு வருஷம் அரபு படிப்பவனுக்கும், கலாசாலையில் வாரம் ஒரு மணி நேரம் உட்காருபவனுக்கும் வித்தியாசம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அளவில்தான் வித்தியாசம், முறையில் இருக்கவேண்டியதில்லை. "நீ உன் வழியைச் செம்மையாகக் கற்றுக்கொள், மற்றவன் ஏன் வேறு வழியில் போகிறான் என்பதையும் அவனுடைய நியாயத்தோடு சேர்த்துக் கற்றுக்கொள்" என்பதே அந்த முறை. இதைச் செய்வதற்கு வேண்டிய சரக்கு இஸ்லாமிய சாஸ்திரத்திலேயே குவிந்து கிடக்கிறது. கார்டோவா நகரத்துக் காஜியாக இருந்து 1198-ல் காலஞ்சென்ற இபுனு ருஷ்து, "பிதாயத்துல் முஜ்தஹித்" என்ற நூலில் இந்த வேலையையே செய்திருக்கிறார். ஒவ்வொரு பிரச்னையிலும் எந்த இமாம் என்ன சொன்னார் என்பதோடு நில்லாமல், எந்தக் காரணத்தால் அவர்கள் வேறுபட்டார்கள் என்று பிரித்துக் காட்டுகிறார். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதால் வந்த வேற்றுமை. ஒருவருக்குக் கிடைத்த ஹதீஸ் மற்றவருக்குக் கிடைக்காததால் வந்த வேற்றுமை. தர்க்கமும் சட்டமும் படிக்கும் மாணாக்கனுக்கு இதைவிட ருசியான பாடம் வேறென்ன வேண்டும்?

இமாம்களுடைய சரித்திரமே போதிய பாடமாகும். அபூ ஹனீபா மறைந்த 767-ம் வருஷத்திலேயே பிறந்த இமாம் ஷாபி, மதீனாவில் மாலிக்கிடம் படித்தார். பிறகு ஈராக்கில், அபூ ஹனீபாவின் சிஷ்யரான முகம்மது ஷைபானியிடமும் படித்தார். எகிப்துக்குப் போன பிறகு தம்முடைய பழைய தீர்ப்புகள் பலவற்றைத் தாமே மாற்றிக்கொண்டார். ஆகவே ஷாபி மத்ஹபிலேயே "பழையது", "புதியது" என்ற பிரிவு உண்டு. அஸர் நேரத்தைப் பற்றி மேலே சொன்னோமே, அதில் அபூ ஹனீபாவின் முதன்மையான சிஷ்யர்களான அபூ யூசுபும் ஷைபானியுமே குருவோடு ஒத்துப்போகாமல், ஒரு மடங்கு நிழலே போதும் என்றார்கள். இமாம் மாலிக்கின் "முவத்தா" நூலை ராஜ்யம் முழுவதற்கும் ஒரே சட்டமாக்கிவிட கலீபா மன்சூர் விரும்பியதாகவும், ஒவ்வொரு தேசத்தாருக்கும் நபித் தோழர்கள் வழியாகத் தனித்தனிப் போதனை கிடைத்திருக்கிறது, அதைக் கலைக்கவேண்டாம் என்று மாலிக்கே தடுத்ததாகவும் சரித்திர நூல்கள் கூறுகின்றன. தம் புஸ்தகத்துக்கு ராஜாங்கத்தின் முத்திரை வேண்டாம் என்று சொன்ன ஆசிரியர்கள் உலகத்தில் எத்தனை பேர்? (நம் பாடப் புஸ்தகக் கமிட்டிகளுக்கு மனுப்போடும் ஆசிரியர்கள் இந்தக் கதையைப் படிக்கவேண்டாம்.)

மற்ற மத்ஹபை அறிவது வெறும் பண்டிதர் விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு நம் தேசத்துச் சட்டத்திலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. புருஷன் எங்கேயோ போய் மறைந்துவிட்டாலும், சோறு போடாமல் கைவிட்டாலும், ஹனபி சட்டப்படி மனைவி விவாக பந்தத்திலிருந்து விடுபட வழியில்லாமல் இருந்தது. பல பெண்கள் வேறு கதியின்றி மதத்தையே விட்டு வெளியேறத் தலைப்பட்டார்கள். ஹனபி உலமாக்களில் தலைசிறந்தவரான மௌலானா அஷ்ரப் அலி தானவி, மதீனாவிலிருந்த மாலிகி பண்டிதர்களைக் கலந்து, அந்த மத்ஹபிலுள்ள பரிகாரத்தை ஹனபிப் பெண்களுக்கும் கொடுக்கலாம் என்று முடிவு செய்தார். அதன் அடிப்படையில் எழுந்ததே 1939-ம் வருஷத்து முஸ்லிம் விவாக விடுதலைச் சட்டம். மாலிகி நூல்களை யாரும் படிக்காமல் இருந்திருந்தால் அந்தப் பெண்களுக்கு விமோசனம் ஏது? இந்த ஒரு சரித்திரத்தை நன்றாகச் சொல்லிக் கொடுத்தாலே, "என் மத்ஹபு, உன் மத்ஹபு" என்று வகுப்பில் வம்பு பேசும் வாலிபர்கள் கொஞ்சம் நிதானிப்பார்கள் என்பது நம் அபிப்பிராயம்.

சட்டம் சொல்லுவது

மத போதனையில் சர்க்காரின் நிலை என்ன என்பதையும் பார்க்கவேண்டும். அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு சிறுபான்மையோருக்குத் தங்கள் விருப்பம்போல் கல்வி ஸ்தாபனங்கள் நடத்தும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. 28-வது பிரிவு, முழுதும் சர்க்கார் பணத்தில் நடக்கும் ஸ்தாபனங்களில் மத போதனை கூடாது என்கிறது. சர்க்காரின் அங்கீகாரமோ உதவிப் பணமோ பெறும் ஸ்தாபனங்களில் மத போதனை நடக்கலாம். ஆனால் மாணாக்கனின் சம்மதம் இல்லாமல், அவன் மைனரானால் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் இல்லாமல், அவனை அதில் சேர்க்கக்கூடாது. அலிகார் சர்வகலாசாலையின் 1920-ம் வருஷத்துச் சட்டத்தில் முஸ்லிம் மாணாக்கருக்கு மத போதனை கட்டாயமாக இருந்தது. 1951-ல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது.

இந்தச் சம்மத விதியை, ஹிந்துப் பையனுக்குக் குர்ஆன் சொல்லிக் கொடுக்காமலும், முஸ்லிம் பையனுக்குக் கீதை சொல்லிக் கொடுக்காமலும் இருப்பதற்கு ஏற்பட்ட விதி என்றே சாதாரணமாக எல்லாரும் நினைக்கிறார்கள். ஷாபிப் பையனுக்கு ஹனபிப் பாடத்தைத் திணிக்காமல் இருப்பதற்கும் அதே விதிதான் காவல் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. சட்டம் மதத்தின் பெயரைக் கேட்கவில்லை. மாணாக்கனின் சம்மதத்தைக் கேட்கிறது. ஆகையால் தீனிய்யாத் வகுப்புக்கு வருகைப் பதிவை வைத்துப் பயமுறுத்துவது சட்டத்துக்கும் ஒவ்வாது, மார்க்கத்துக்கும் பெருமையல்ல. பரீட்சை வைத்து மார்க்குப் போடும் வழக்கமும் நமக்கு உசிதமாகத் தோன்றவில்லை.

சுதந்திரம் வந்த சில மாதங்களில், 1948-ம் வருஷம் ஜனவரியில், மத்தியக் கல்வி ஆலோசனைச் சபையில் மௌலானா அபுல் கலாம் ஆஜாத் இந்த விஷயத்தைப் பற்றிப் பேசினார். மக்காவில் பிறந்து, பழைய முறைப்படி மார்க்கக் கல்வி பெற்று, காங்கிரஸ் மகாசபையின் தலைவராகவும் தேசத்தின் முதற் கல்வி மந்திரியாகவும் விளங்கியவர் அவர். கல்விச்சாலை மத போதனையை அடியோடு கைவிட்டால் ஜனங்கள் அதை விட்டுவிட மாட்டார்கள், தனிப்பட்ட போதகர்களைத் தேடிப் போவார்கள், அந்தப் போதகர்களில் பலருக்கு எழுத்து தெரிந்தாலும் விசாலமான கல்வி இராது, அவர்களிடம் மதம் குறுகிய வெறியாக மாறிவிடும் என்பது அவருடைய கருத்தின் சாரம். அவர் பயந்த தனிப் போதகர் இன்று ஒவ்வொரு மாணாக்கனின் சட்டைப் பையிலும் இருக்கிறார். கைத்தொலைபேசியைத் திறந்தால் துபாயிலிருந்தும் லண்டனிலிருந்தும், நம் பக்கத்துத் தெருவிலிருந்தும் பிரசங்கங்கள் வந்து கொட்டுகின்றன. யார் பேசுகிறார், எங்கே படித்தார், எந்த நூலை ஆதாரமாகக் காட்டுகிறார் என்று கேட்பதற்கு அங்கே வழியில்லை. வகுப்பில் இருக்கும் உபாத்தியாயரிடமாவது கையைத் தூக்கிக் கேள்வி கேட்கலாம்.

1948-49-ல் வேலைசெய்த டாக்டர் ராதாகிருஷ்ணன் கமிஷன் சர்வகலாசாலைகளுக்கு ஒரு திட்டம் சொன்னது. முதல் வருஷத்தில் மதத் தலைவர்களின் வாழ்க்கைச் சரித்திரம். இரண்டாம் வருஷத்தில் வேத நூல்களிலிருந்து உலகப் பொதுவான பகுதிகள். மூன்றாம் வருஷத்தில் மத தத்துவத்தின் மூலப் பிரச்னைகள். பின்னால் வந்த கோத்தாரி கமிஷனும், ஒரு மதத்தைப் போதிப்பது வேறு, மதங்களைப் பற்றிப் போதிப்பது வேறு என்று பிரித்துக் காட்டியது. ராதாகிருஷ்ணன் கமிஷனின் மூன்று படிகளைத் தீனிய்யாத் வகுப்புக்கும் எடுத்துக்கொள்ளலாம். முதல் வருஷம் நபிகள் நாயகத்தின் சரித்திரமும் நான்கு இமாம்களின் சரித்திரமும். இரண்டாம் வருஷம் அவரவர் மத்ஹபின் வணக்க முறைகளும், அவை வேறுபடும் காரணங்களும். மூன்றாம் வருஷம் விவாகம், சொத்து, வியாபாரம் ஆகிய வாழ்க்கைச் சட்டங்கள். மூன்றாம் வருஷத்துப் பையன் அடுத்த வருஷமே சம்பாதிக்கவும் கலியாணம் செய்துகொள்ளவும் போகிறவன் என்பதை மறக்கக்கூடாது.

தமிழும் ஆசிரியரும்

ராவுத்தருக்கும் மரக்காயருக்கும் தாய்மொழி தமிழ். அப்துல் ஹமீது பாக்கவி குர்ஆன் முழுவதையும் தமிழில் மொழிபெயர்த்தார். "தாருல் இஸ்லாம்" பத்திரிகையை நடத்திய பா. தாவூத்ஷா, வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் ஜனங்களுக்குப் புரியும் தமிழில் இருக்கவேண்டும் என்று வாதாடி, ஏச்சும் பேச்சும் வாங்கிக்கொண்டார். மதுரைக்கு இதில் தனிப் பங்கு உண்டு. மதுரை காமராஜர் சர்வகலாசாலையில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென்று ஒரு பீடம் ஏற்பட்டு, இலங்கைப் பாணந்துறையைச் சேர்ந்த ம. மு. உவைஸ் அதன் முதற் பேராசிரியராக இருந்தார். அவரும் பீ. மு. அஜ்மல்கானும் சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார்கள். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் முதல் அறபுத்தமிழில் எழுதிய கீழக்கரை ஆலிம்கள் வரை எல்லாரும் அந்த வரலாற்றில் வருகிறார்கள். தீனிய்யாத் வகுப்பில் உருதுவிலிருந்து பெயர்த்த, பாதி புரியாத சிறு புஸ்தகங்களை வைத்துக்கொண்டு கஷ்டப்படவேண்டிய அவசியமே இல்லை. ஹனபியும் ஷாபியும் தௌஹீதும் ஒரே மனத்தோடு ரசிக்கக்கூடிய செல்வம் தமிழில் இருக்கிறது.

முஸ்லிம் கலாசாலைகளில் மட்டுமே முஸ்லிம் மாணாக்கர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துவிடக்கூடாது. 2011-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி தமிழ்நாட்டு ஜனத்தொகையில் முஸ்லிம்கள் 100-க்கு 5.86 பேர். அவர்களுடைய பிள்ளைகள் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், தியாகராஜர் கல்லூரியிலும், லேடி டோக், பாத்திமா முதலிய பெண்கள் கல்லூரிகளிலும் படிக்கிறார்கள். அவர்களுக்குத் தீனிய்யாத் மணி நேரம் இல்லை. இவர்களைக் கவனிக்கவேண்டியவை பள்ளிவாசல் ஜமாஅத்துகளே. பெண் பிள்ளைகளுக்கோ பல பள்ளிவாசல்களில் வந்து உட்கார இடமே இல்லை. பிள்ளைகளை எம்.எஸ்ஸி. வரையில் படிக்கவைக்கும் ஜமாஅத்துகள், அதே பெண்ணுக்கு மார்க்க விஷயத்தில் மக்தபுப் பாடமே போதும் என்று இருப்பது வியப்பாகவே இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஆசிரியர் வேண்டும். மதரஸாவில் பட்டம் பெற்று வரும் ஆலிமுக்கு நூலறிவு இருக்கிறது. கலாசாலைப் பையனின் கேள்விகள் பழக்கமில்லை. கலாசாலைப் பேராசிரியருக்குக் கேள்விகள் பழக்கம், நூலறிவு இல்லை. இருவரையும் ஒரே வகுப்பில் சேர்த்து உட்காரவைத்தால் காரியம் நடக்கும். ஹனபி ஆலிம் ஒருவரும் ஷாபி ஆலிம் ஒருவரும் மாறி மாறி ஒரே வகுப்பை நடத்தினால் இன்னும் விசேஷம். இரண்டு ஆலிம்கள் ஒரே மேடையில் அபிப்பிராய பேதத்துடன், ஆனால் மரியாதையுடன் பேசுவதைப் பையன்கள் ஒரு தடவையாவது கண்ணால் பார்க்கவேண்டும். கெய்ரோவில் 1959-ல் அல்-அஸ்ஹர் தலைவர் ஷேக் மஹ்மூத் ஷல்தூத், ஷியாக்களின் ஜஅபரி மத்ஹபைப் பின்பற்றுவதும் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னார். 2005-ல் அம்மான் நகரத்தில் பல தேசத்து உலமாக்கள் கூடி, எட்டு மத்ஹபுகளைச் சேர்ந்தவர்களையும் முஸ்லிம்களே என்று ஒப்புக்கொண்டு, ஒருவரையொருவர் காபிர் என்று சொல்லக்கூடாதென்று தீர்மானித்தார்கள். கெய்ரோவிலும் அம்மானிலும் நடந்தது காஜிமார் தெருவில் நடக்க முடியாதா?

வருகிற ஜூன் மாதத்தில் கலாசாலைகள் திறக்கும். இந்தப் பக்கத்துக் கலாசாலை நிர்வாகிகளும், நகரத்து ஜமாஅத் தலைவர்களும், வேலூர், உமராபாத் முதலிய இடங்களில் படித்த ஆலிம்கள் சிலரும் ஒரு நாள் உட்கார்ந்து பேசினால், ஒரு பொதுவான தீனிய்யாத் புஸ்தகத்தைத் தமிழில் தயாரித்துவிடலாம். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பத்தியாகப் பிரித்து, ஹனபி முறையை ஒன்றிலும் ஷாபி முறையை மற்றொன்றிலும் போட்டு, மத்ஹபை ஏற்காதவர்கள் காட்டும் ஆதாரங்களைக் கீழே கொடுக்கலாம். தொழுகையிலிருந்து நிக்காஹ் வரையில் நூற்றைம்பது பக்கத்துக்குள் அடங்கிவிடும். அச்சுச் செலவு அதிகமாகாது; எத்தனையோ கந்தூரிச் செலவுகளைத் தாங்கும் ஊர் இது.